பாகிஸ்தானி சூட்டுக்கு எந்த வளையம்? பட்டாசு மண்ணில் ஒரு காதணி உலா!

விருதுநகர் பஜாரில் ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு காலத்தில் பட்டுச்சேலையும் பாவாடை தாவணியும் கட்டிக்கொண்டு நின்றவை, இப்போது முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளமான டாப்ஸ், தொளதொள பேன்ட், ஓரமெல்லாம் லேஸ் வைத்த துப்பட்டா என்று நிற்கின்றன. ‘பாகிஸ்தானி சூட் இருக்கா?’ என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எடுத்துப் போடுகிறார். பெயரில் மட்டும்தான் பாகிஸ்தான். 2019-லேயே இரண்டு நாட்டு வணிகமும் ஏறக்குறைய நின்றுபோனது. இங்கே தொங்குவதில் பெரும்பகுதி சூரத் பக்கம் தயாராகி லாரி ஏறி வருவது.

துணி எடுத்த கையோடு அடுத்த கேள்வி வரும். ‘இதுக்குக் காதுல என்னத்தப் போடுறது?’

ஃபேன்ஸி கடைக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். ஆனால், தங்கத்தில்தான் எடுப்பது என்று வீட்டில் முடிவானால் விஷயமே வேறு. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத்தொழிலை நம்பிப் பிழைக்கும் இந்த மாவட்டத்தில், ஒரு வருட போனஸைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்பதுதான் அந்தக் கேள்வி. விருதுநகரில் ஆரம்பித்து சாத்தூர், சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, காதுகளை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு நாள் சுற்றி வரலாம் வாருங்கள்.

லாகூரில் ‘பாலி’, நம்மூரில் ‘வாளி’

கிளம்புவதற்கு முன்னால், அந்த உடையின் சொந்த ஊர்க்காரர்கள் என்ன மாட்டுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம். லாகூரிலும் கராச்சியிலும் வளையத்துக்குப் பெயர் ‘பாலி’. நம் பழைய தமிழில் ‘வாளி’ என்று ஒரு காதணி உண்டு. இரண்டு சொல்லும் எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன பாருங்கள்! பிறை நிலா போல அடிப்பக்கம் அகலமாக இருந்தால் அது ‘சாந்த் பாலி’. ஹைதராபாத்தில் இன்றைக்கும் கல்யாணப் பெண்ணுக்கு அது வேண்டும். கனமான ஜிமிக்கி காதை இழுக்காமல் இருக்க, காதிலிருந்து கூந்தலுக்கு ஒரு சங்கிலி போடுவார்கள். அதற்கு அங்கே ‘சஹாரா’ என்று பெயர். தாங்கல், ஆதரவு என்று பொருள். அட, நம்ம மாட்டல்தான்!

அங்கே கல்யாணம் பல நாள் நடக்கும். மெஹந்தி அன்றைக்கு மஞ்சளும் பச்சையும். காதுக்குப் பூவாலேயே தோடு செய்து மாட்டுவதும் உண்டு. பராத் அன்றைக்குச் சிவப்பு உடை, கனத்த தங்கம். அதற்கு மறுநாள் வலீமா விருந்துக்கு வெளிர் நிறம், முத்து, வெள்ளைக்கல். அன்றாடம் உடுத்தும் கோடைக்கால ‘லான்’ துணிக்கு ஒரு சின்ன வளையம் போதும். லான் என்பது மெல்லிய பருத்தி. அந்தப் ‘பருத்தி’யை மறந்துவிடாதீர்கள், சிவகாசிக்குப் போனதும் தேவைப்படும்.

தமிழ்நாட்டு முஸ்லிம் வீட்டுப் பாட்டிகளுக்கு இந்த வளையம் ஒன்றும் புதிதல்ல. காதின் மேல் விளிம்பு முழுக்க வரிசையாகத் துளையிட்டு, அலுக்கத்து என்று சின்னச் சின்ன வளையங்களை மாட்டியிருந்த தலைமுறை அது. இன்றைய கல்லூரிப் பெண்கள் ஒரே காதில் மூன்று நான்கு துளை போட்டு ‘புது ஃபேஷன்’ என்கிறபோது அந்தப் பாட்டிகளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

எல்லாவற்றையும் விற்றார், காதில் கிடந்ததைத் தவிர

விருதுநகரில் காமராஜர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். விருதுபட்டி என்று இருந்த ஊர் 1923-ல் விருதுநகர் ஆனது. காமராஜர் பிறந்தது அதற்கு இருபது வருடம் முன்னால், 1903 ஜூலை 15-ல். சின்ன வீடு. பெரிய கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் நிதானமாக நின்று பார்க்கலாம்.

காமராஜருக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா குமாரசாமி இறந்துவிட்டார். அம்மா சிவகாமி அம்மாள் தன் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஊர் வியாபாரி ஒருவரிடம் போட்டு, மாதா மாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார் என்று காமராஜரின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எல்லா நகையையும் விற்றவர், காதில் கிடந்ததை மட்டும் விற்கவில்லை.

ஏன் என்று இந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டால், கேட்டவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கழுத்தில் சங்கிலி இல்லாவிட்டால் மஞ்சள் கயிறு போதும். கையில் வளையல் இல்லாவிட்டால் கண்ணாடி வளையல் ஐந்து ரூபாய். காது மட்டும் மூளியாக இருக்கக் கூடாது. ‘மூளிக்காதோட எப்படி நாலு பேரு முன்னால போய் நிக்கிறது?’ கடைசிவரை காதில் கிடக்க வேண்டும். அதே சமயம், கடைசிக் கையிருப்பாகவும் அதுவே இருக்க வேண்டும். இந்தக் கரிசல் காட்டில் வானம் பார்த்த பூமியை நம்பி இருந்தவர்களுக்குக் காதுதான் பெட்டகம்.

பாம்படம் தொங்கிய காதுகள்

அந்தப் பெட்டகத்தின் பெரிய சைஸ்தான் பாம்படமும் தண்டட்டியும். சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் இன்றும் ஒன்றிரண்டு ஆச்சிகளுக்குக் காது தோளைத் தொடும். பெண் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே காது குத்தி, துளையில் பஞ்சுத் திரி வைத்து, அப்புறம் ஓலைச்சுருள் செருகி, குணுக்கு என்கிற கனமான உலோகக் குண்டை மாட்டி, வருடக் கணக்கில் காது வளர்ப்பார்கள். வளர்ந்த காதில் உருண்டை, கட்டம், கூம்பு என்று கணக்கு வாத்தியார் போட்ட படம் மாதிரி அடுக்கிய பாம்படம் தொங்கும். தங்கத் தகட்டைச் சுற்றி, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்ததால் பார்ப்பதற்கு மலை போல இருந்தாலும் எடை அவ்வளவு இல்லை.

2023-ல் வந்த ‘தண்டட்டி’ படத்தில் ஒரு பாட்டியின் தண்டட்டி காணாமல் போவதை வைத்துத்தான் கதையே நகரும். அது தேனிப் பக்கத்துக் கதை. ஆனால், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கண்ணும் ஒரு கிழவியின் காதில் இருப்பது இந்தப் பக்கத்துக்கும் தெரிந்த கதைதான்.

பாம்படக் காலம் முடிந்தபோது பல பெண்கள் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். டவுனுக்கு வந்த மருமகளுக்குத் தொங்கும் காது கூச்சமாகிப்போனது. கம்மல் வந்தது, கல் தோடு வந்தது, ஜிமிக்கி வந்தது. உருக்கிய பாம்படத்தில் எத்தனை வீட்டுக்குக் கதவு நிலை வந்தது, எத்தனை பிள்ளைகள் பாலிடெக்னிக் படித்தார்கள் என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

இருக்கன்குடியில் முதல் வளையம்

சாத்தூரில் காராச்சேவு வாங்குவது ஒரு வேலை. அது இருக்கட்டும். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு இங்கே கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், ஒரு பக்கம் முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலைகள், இன்னொரு பக்கம் தாய்மாமன் மடியில் வீறிட்டு அழும் பிள்ளைகள்.

காது குத்துகிற ஆசாரி கையில் மெல்லிய தங்கக் கம்பி வளையம். கம்பியின் கூர்முனையே ஊசி. குத்தின கையோடு வளைத்து முடிந்துவிடுவார். பெண்ணோ பையனோ, இந்தப் பக்கத்துப் பிள்ளையின் முதல் நகை வளையம்தான். ‘மாமன் சீர்’ என்று தட்டில் வைப்பதில் அதுவும் ஒன்று. புண் ஆறும்வரை கழற்ற வேண்டியதில்லை, துணியில் மாட்டாது, படுத்தால் குத்தாது, உள்ளே அழுக்கு சேராது. வளையத்துக்கு இருக்கிற இந்தச் சௌகரியம் எல்லாம் இருபது வயதிலும் அப்படியேதான் இருக்கிறது. அதைத்தான் சிவகாசியில் பார்க்கப் போகிறோம்.

தொங்குவதெல்லாம் வேலைக்கு ஆகாது

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததில் தொடங்கியது சிவகாசியின் கதை. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு, லேபிள் ஒட்ட அச்சகம், அச்சகத்தோடு காலண்டர். நாட்டில் வெடிக்கிற பட்டாசில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது.

காலை ஏழு மணிக்குச் சிவகாசி, வெம்பக்கோட்டை, திருத்தங்கல் சாலைகளில் நின்றால் ஆலை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சன்னலோரம் தூக்குவாளி, தலையில் பூ, காதில் சின்ன வளையம் அல்லது ஒட்டினாற்போல் ஒரு கம்மல். ஜிமிக்கியைப் பார்ப்பது அபூர்வம்.

காரணம் தெளிவானது. பட்டாசு மருந்துக்கு உராய்வு ஆகாது, நிலைமின்சாரம் ஆகாது. அதனால்தான் ஆலைக்குள் நைலான், பாலியஸ்டர் உடை கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்கிறார்கள். மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். தீப்பெட்டி, செல்போன், இரும்புச் சாமான் எதற்கும் உள்ளே இடமில்லை. குனிந்து குழாயில் மருந்து செலுத்துகிற இடத்தில், முகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு ஒரு நகை எதற்கு? கொக்கி கழன்று விழுந்தால் தேடுவதற்கு அது வீட்டுக் கூடம் அல்ல.

பளபளவென்று சூரத்திலிருந்து வரும் பாகிஸ்தானி சூட்டில் பெரும்பாலானவை ஜார்ஜெட், ஆர்கன்ஸா என்கிற செயற்கை இழைதான். ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு அது ஞாயிற்றுக்கிழமை உடை, கல்யாண வீட்டு உடை. வாரத்தில் ஆறு நாள் பருத்தி, ஒருநாள் ஜார்ஜெட். இரண்டுக்கும் பொதுவாகக் காதில் கிடப்பது ஒரே வளையம்.

இந்தக் கட்டுப்பாடுகளை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் செய்தியில் வருகிறது. சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கும் பெண்களின் விரல்களில் அலுமினியப் பொடி வெள்ளிபோல மினுங்கும். தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நின்றுவிடும். அந்தக் கையில் சம்பாதித்ததுதான் காதில் கிடக்கிறது.

நகைக்கடையில் ஒரு கணக்கு

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனஸ் கைக்கு வரும். சிவகாசி நகைக்கடைகளில் அந்த நாட்களில் உட்கார இடம் கிடைக்காது. அப்படி ஒரு கடையில் நான் காத்திருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மாவும் மகளும். மகளுக்குக் கல்லூரித் தோழியின் கல்யாணம்; ஊதாப்பூ நிறத்தில் பாகிஸ்தானி சூட் எடுத்தாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு ஜோடி வளையங்களை வைத்திருந்தார். ஒன்று வெள்ளைக்கல் பதித்து, அடியில் முத்து தொங்குவது. இன்னொன்று வெறும் உருட்டுக் கம்பி, மேலே லேசாக வெட்டு வேலை.

“அம்மா, கல்லு வச்சதுதான் அந்த டிரெஸ்ஸுக்கு எடுப்பா இருக்கும்மா.”

“எடுப்பாத்தான் இருக்கும். அண்ணாச்சி, இதைத் திருப்பிக் கொண்டாந்தா கல்லுக்கு எவ்வளவு கழிப்பீக?”

அண்ணாச்சி சிரித்தார். “கல்லுக்கு யாரும் காசு தர மாட்டாகம்மா. கல்லு எடையைக் கழிச்சுட்டுத்தான் தங்கம். ஒங்களுக்குத் தெரியாததா?”

அந்த அம்மாவுக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரியும். அரை பவுன், அதாவது நான்கு கிராம் என்று ஒரு ஜோடி வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதில் கல்லும் முத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால், அடகுக்கடைத் தராசில் அது மூன்று கிராம் நகை. அரக்கு அடைத்ததானாலும் அப்படியே. வேலைப்பாடு கூடக் கூடச் செய்கூலியும் சேதாரமும் ஏறும். திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பணம் போனது போனதுதான். கல்லில்லாத கம்பி வளையத்தில் இந்த இழப்பு குறைவு. காதில் கிடக்கும்போது நகை, கழற்றினால் கிட்டத்தட்ட முழுப் பணம்.

கழற்ற வேண்டிய மாதங்கள் இங்கே வந்துகொண்டே இருக்கும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். மழை பெய்தால் காயவைக்க முடியாது, வேலை இல்லை. ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான், சரவெடி கூடாது, பேரியம் கூடாது என்று சொன்ன பிறகு ஆலைகள் பல மாதம் திறக்கவில்லை. டெல்லியில் தடை என்றால் இங்கே ஆர்டர் ரத்து. காற்று மாசுக்கு வழி காண வேண்டியதுதான். ஆனால், தீர்ப்பு எழுதியது டெல்லியில், காது மூளியானது வெம்பக்கோட்டையில். அந்த மாதங்களில் அடகுக்கடை வாசலில்தான் கூட்டம்.

தங்க நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம் என்பதே ரிசர்வ் வங்கி வெகுகாலம் வைத்திருந்த உச்சவரம்பு. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான சிறுகடனுக்கு அதை 85 சதவீதமாக உயர்த்தி 2025 ஜூனில் அறிவித்தது. கம்பி வளையத்தை வைத்துக் கடன் வாங்குபவர்கள் எல்லாருமே இந்தச் சிறுகடன்காரர்கள்தான். ஆகவே, வட்டிக்கடைக்குப் போகுமுன் வங்கி வாசலில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று. 22 காரட் தங்கத்துக்கு 916 முத்திரையும், ஆறு இலக்கத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த ஹெச்.யு.ஐ.டி. குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. ஆனால், இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. சின்ன வளையம் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எடை குறைவாக இருந்தாலும் முத்திரை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். பில்லில் கல் எடை தனியாக, தங்க எடை தனியாக எழுதச் சொல்லுங்கள்.

அந்த மகள் என்ன எடுத்தாள் என்று கேட்கிறீர்களா? கம்பி வளையம்தான். முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மை. ஆனால், தெருவில் இறங்கியதும் அம்மாவும் மகளும் எதிர் ஃபேன்ஸி கடைக்குள் நுழைவதைப் பார்த்தேன்.

சரி, சூட்டுக்கு எது பொருந்தும்?

இதற்கு நான் ஓர் ஒப்பனைக் கலைஞர் மாதிரி அட்டவணை போட விரும்பவில்லை. கடைகடையாகப் பார்த்ததையும், அந்தக் கடைகளில் பெண்கள் பேசிக்கொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கழுத்தைப் பாருங்கள். பாகிஸ்தானி டாப்ஸில் பெரும்பாலும் வேலைப்பாடு முழுக்க நெஞ்சுப் பகுதியில் இருக்கும். சங்கிலியே வேண்டாம். காலர் வைத்ததோ, ஒட்டிய வட்டக் கழுத்தோ என்றால் பெரிய வளையம் எடுப்பாக இருக்கும். கழுத்தும் காதும் ஒன்றையொன்று மறைக்காது. கழுத்து அகலமாக, ஜரிகை அடர்த்தியாக இருந்தால் நடுத்தர வளையமே போதும்.

அடுத்தது துப்பட்டா. லேஸும் நெட்டும் இருக்கிற துப்பட்டா, கொக்கி வைத்த காதணியைக் கண்டால் விடாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் குனியும்போது ‘வெடுக்’கென்று இழுத்து, காது மடல் கிழிந்து தையல் போட்டவர்கள் உண்டு. துப்பட்டாவைத் தலையில் போடுகிற பழக்கம் உள்ளவர்கள், தாடை எலும்புக்கு மேலேயே நிற்கும் அளவில், ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் வாயுள்ள வளையமாக எடுங்கள். மணி, முத்து தொங்குவது வேண்டாம். ரம்ஜான் தொழுகைக்குப் போகும் பெண்கள் இதை எனக்கும் உங்களுக்கும் முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

நிறம் என்று பார்த்தால் மெரூன், பாட்டில் பச்சை, கடுகு மஞ்சளுக்குத் தங்கம் அழகு. வெளிர் நீலம், ரோஜா, ஊதாப்பூ நிறத்துக்கு வெள்ளியோ முத்து வைத்ததோ நன்றாக இருக்கும். அச்சுப் போட்ட பருத்தி சூட்டுக்குக் கறுப்படித்த வெள்ளி வளையம் போட்டுப் பாருங்கள், மாநிறத்துக்கு அள்ளும். வட்ட முகத்துக்கு நீள்வட்டம், நீண்ட முகத்துக்கு நல்ல வட்டம் என்பார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. கண்ணாடி முன்னால் நின்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். காது துளை நீளமாக இழுபடுவது தெரிந்தால் அந்த வளையம் உங்களுக்கு இல்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்குச் சாந்த் பாலி ஆசை இருந்தால் கவரிங்கில் எடுங்கள். வருடத்துக்கு இரண்டு நாள் போடுவதைத் தங்கத்தில் செய்தால் கல்லுக்கும் சேதாரத்துக்கும்தான் பணம் போகும். சிதம்பரம் கவரிங் எதற்கு இருக்கிறது? அந்த அம்மாவும் மகளும் ஃபேன்ஸி கடைக்குள் நுழைந்ததும் இதற்காகத்தான் இருக்க வேண்டும்.

காலண்டர் மகாலட்சுமியின் காது

சிவகாசியை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சின்ன விஷயம். உங்கள் வீட்டு அடுப்படியில் தொங்கும் காலண்டர் மகாலட்சுமி அநேகமாக இந்த ஊரில் அச்சானவள்தான். கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடு முழுக்கப் போயின. அந்த அம்மன்களின் காதைப் பாருங்கள். தோடு, ஜிமிக்கி, மாட்டல் என்று ஒன்று குறையாது. தெய்வத்துக்கு அடகு வைக்கிற அவசியம் இல்லை, கல் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் வரையலாம்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை

சிவகாசியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழக அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் தூரத்திலேயே தெரியும். ஆண்டாளும் காதணியை விடவில்லை. திருப்பாவையின் 27-வது பாசுரத்தில், நோன்பு முடித்த பெண்கள் அணிந்துகொள்ளும் நகைகளைச் சொல்லும்போது காதுக்கு மட்டும் இரண்டு வருகிறது. ஒன்று தோடு, இன்னொன்று செவிப்பூ. கைக்கு, தோளுக்கு, காலுக்கு என்று போகிற பட்டியலில் காதுக்கு இரட்டைப் பங்கு. நோன்பு நாளெல்லாம் ஒன்றும் அணியாமல் இருந்துவிட்டு, முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் குதூகலம் அது.

அதே குதூகலத்தை இப்போது பார்க்க வேண்டுமென்றால் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வாருங்கள். ஊரே வெளியூரிலிருந்து திரும்பி வரும். அதற்கு முந்தைய வாரம் அடகுக்கடைகளிலும் வங்கிகளிலும் நகை மீட்கிறவர்கள் கூட்டம். தீச்சட்டி எடுக்கிற அக்கா மஞ்சள் சேலையில், பார்க்க வந்த தங்கை பாகிஸ்தானி சூட்டில், இரண்டு பேர் காதிலும் மீட்டு வந்த வளையம். எல்லாருக்கும் மீட்க முடிந்திருக்காது. அவர்களுக்காகத்தான் கோயில் வாசல் கடைகளில் சிவப்புத் துணியை விரித்து, ஒரு கிராம் கோல்டு, கவரிங் என்று வரிசை வரிசையாக வளையம் அடுக்கியிருக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் வாசலிலும் சாயங்காலம் இந்தக் கடைகள் உண்டு. ஆடிப்பூரத் தேர் சமயமென்றால் நெரிசலில் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு போங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும், நாலு மணிக்கு மேல் போவது நல்லது. பால்கோவாவைத் தரிசனம் முடித்துவிட்டுத் திரும்பும்போது வாங்குங்கள். சூடாக இலையில் வைத்துத் தருகிற கடையாகப் பார்த்து.